பழைய மகிழுந்தைப் பேணும் முறை

நுழையும் முன்

பணி மாறுதல் ஆணை வந்ததும் கட்டில், பீரோ, பாத்திரங்களோடு பழைய மகிழுந்தையும் உடன் கொண்டு செல்லும் குடும்பங்கள் உண்டு. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டக் கற்றுக்கொண்டது என அந்த வண்டிக்கு ஒரு வரலாறும் இருக்கும். அத்தகைய வண்டி பழுதின்றி ஓடவும், அதில் செல்வோர் நலமாக வீடு திரும்பவும் வீட்டிலேயே செய்யத்தக்க பணிகள் எவை? பணிமனைக்கு விட்டுவிட வேண்டியவை எவை? இவ்விரண்டையும் இப்பாடம் விளக்குகிறது.

1. சாலையில் மூத்தவை

மக்கள் வழக்கில் ‘கார்’ எனப்படும் மகிழுந்து, 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை இந்தியாவில் மிகச் சில வகைகளிலேயே கிடைத்தது. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் அம்பாசிடரும், மும்பையில் பிரீமியர் பத்மினியும் உருவாயின. சென்னையில் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் மாருதி 800 என்னும் சிறிய வண்டி அறிமுகமாயிற்று. அரியானாவின் குர்கான் தொழிற்சாலையில் உருவான அவ்வண்டி, நடுத்தரக் குடும்பங்களின் முதல் மகிழுந்தாக நாடெங்கும் பரவியது. அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டில் நின்றது.

உற்பத்தி நின்றாலும் அவ்வண்டிகளுள் பல இன்றும் ஓடுகின்றன. அதற்கு அவற்றின் எளிய அமைப்பு ஒரு காரணமாகும். இன்றைய மகிழுந்தில் கணினிச் சில்லு ஒன்று எஞ்சினை ஆள்கிறது. அதன் பழுதை அறியத் தனிக் கருவி வேண்டும். பழைய வண்டியிலோ முகப்பு மூடியைத் திறந்தால் பெரும்பாலான உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். பார்க்கத் தெரிந்தவருக்குப் பழைய வண்டி தன் நிலையைத் தானே சொல்லிவிடும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மோதலின்போது விரியும் காற்றுப்பை முதலிய பல பாதுகாப்பு வசதிகள் பெரும்பாலான பழைய வண்டிகளில் இல்லை. அவற்றில் பயணம் செய்வோருக்குக் காவலாக இருப்பவை நல்ல பிரேக், நல்ல டயர், இருக்கைப் பட்டை, ஓட்டுநரின் நிதானம் ஆகியனவே. ஆகவே பழைய வண்டியைப் பேணுதல் செலவைக் குறைக்கும் வழி மட்டுமன்று; உயிர்களைக் காக்கும் கடமையும் ஆகும்.

2. மூன்று பகைகள்

மாருதி 800இன் எஞ்சினில் மூன்று உருளைகள் உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். ஒவ்வோர் உருளையிலும் பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளிழுக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, தீப்பொறியால் எரிக்கப்பட்டு, புகையாக வெளியேற்றப்படுகின்றன. இந்நான்கு செயல்களும் முடிய எஞ்சின் இரண்டு முறை சுழல வேண்டும். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில், ஓர் உருளையில் மட்டும் நொடிக்கு 25 முறை தீ மூள்கிறது. மூன்று உருளைகளிலும் சேர்த்து நொடிக்கு 75 முறை.

இத்தனை விரைவான இயக்கத்தில் உலோகத்தோடு உலோகம் உராய்கிறது; பெரும் வெப்பம் பிறக்கிறது. வெளியிலிருந்து ஈரம் புகுந்து இரும்பைத் துருவாக்குகிறது. உராய்வு, வெப்பம், ஈரம் என்னும் மூன்றுமே வண்டியின் பகைகள். பேணல் என்பது இம்மூன்றையும் நாள்தோறும் எதிர்த்து நிற்பதாகும்.

3. உராய்வைத் தணிக்கும் எண்ணெய்

எஞ்சின் எண்ணெய் உலோகப் பரப்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கிறது. வெப்பத்தை ஏந்திச் செல்கிறது. கரியையும் தூளையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் நல்ல எண்ணெய் நாளடைவில் கறுக்கிறது.

எண்ணெயின் அளவை வாரம் ஒருமுறை பார்த்தல் நன்று. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பிறகு அளவுக் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுமையாகச் செருகி எடுக்க வேண்டும். கம்பியிலுள்ள இரு குறிகளுக்கு இடையே எண்ணெய் நின்றால் போதுமானது. கீழ்க்குறிக்கும் கீழே சென்றால் எஞ்சினுக்குக் கேடு. மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு.

அளவைப் போலவே நிறமும் செய்தி சொல்லும். எண்ணெய் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் அதனுள் நீர் புகுந்திருக்கக்கூடும். அந்நிலையில் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். புகையும் அவ்வாறே பேசும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது; கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிச் செல்கிறது; எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காவிடில் குளிர்விக்கும் நீர் உருளைக்குள் கசிகிறது எனக் கொள்ளலாம்.

எண்ணெயை மாற்றவேண்டிய தொலைவு வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அப்போது எண்ணெய் வடிகட்டியையும் சேர்த்து மாற்ற வேண்டும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதல் கூடாது. அது நீரையும் நிலத்தையும் கெடுக்கும். மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவெண்ணெயைத் திரட்டும் பணிமனையில் ஒப்படைப்பதே முறை.

4. வெப்பத்தை ஆற்றும் நீர்

எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்மம் வெப்பத்தை வாங்கி, முன்புறமுள்ள ரேடியேட்டரில் காற்றிடம் விட்டுவிட்டுத் திரும்புகிறது. வெறும் நீரை மட்டும் ஊற்றினால் உள்ளே துருவும் உப்புப் படிவும் உண்டாகும். ஆகவே ‘கூலண்ட்’ எனப்படும் குளிர்விப்பு நீர்மத்தைக் கையேடு சொல்லும் விகிதத்தில் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து பயன்படுத்துவர். துருவைத் தடுப்பதுடன், நீர் எளிதில் உறையாமலும் கொதிக்காமலும் அது காக்கிறது. பல கூலண்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்புச் சுவையுள்ள நச்சு உள்ளது. சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும். குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

ரேடியேட்டரினுள் அழுத்தம் நிலவுவதால், நூறு பாகை செல்சியசைக் கடந்தும் அந்நீர் கொதிக்காமல் இருக்கும். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரென விலகும். அக்கணமே நீர் கொதித்து, ஆவியோடு முகத்தில் பீறிடும். ஆகவே எஞ்சின் நன்கு ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. நீரின் அளவை அருகிலுள்ள சேமிப்புக் கலனின் குறிகளைப் பார்த்தே அறியலாம். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பின்னும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கும். ஆதலின் விரல்களை அதனருகே கொண்டு செல்லுதல் ஆகாது.

5. பழுதின் முதலை அறிதல்

தில்லியில் சனவரி மாதக் காலை ஒன்றைக் கற்பனை செய்வோம். பனிமூட்டம் விலகவில்லை. பள்ளியில் தேர்வு. தந்தை சாவியைத் திருப்புகிறார். ‘டக், டக்’ என்னும் ஒலி மட்டுமே கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. “பேட்டரி போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்” என்கிறார் தந்தை. உடன் நின்ற மகள் முகப்பு மூடிக்குள் எட்டிப் பார்க்கிறாள். “அப்பா, இந்த முனையில் உப்புப் பூத்தாற்போல் இருக்கிறதே!” என்கிறாள்.

அவள் கண்டது சிறிய செய்தியன்று. மின்கலத்தின் முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ படியும் தூள், மின்சாரம் பாய்வதைத் தடுக்கிறது. எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். முனையில் தடை இருந்தால், மின்கலம் நன்றாக இருந்தும் மோட்டார் சுழலாது. குளிர்காலத்தில் மின்கலத்தின் ஆற்றல் குறைவதும், எண்ணெய் கெட்டியாவதும் அக்குறையைப் பெரிதாக்குகின்றன.

முனைகளைத் தூய்மை செய்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். அதன்பின் நேர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். மீண்டும் பூட்டும்போது நேர்முனை முதலிலும் எதிர்முனை இறுதியிலும் வருதல் வேண்டும். பெரும்பாலான மகிழுந்துகளில் வண்டியின் இரும்பு உடல் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் உடலில் பட்டால் பெருந்தீப்பொறி எழும். எதிர்முனையை முதலில் விலக்கிவிட்டால் அந்த இடர் நேராது. பிறகு வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, அக்கரைசல் மின்கலத்தின் உள்ளே புகாதவாறு பழைய பல்துலக்கியால் முனைகளைத் தேய்த்துத் துடைக்கலாம். உலர்ந்தபின் இறுக்கமாகப் பூட்டி வாசலின் தடவினால் மீண்டும் உப்புப் பூப்பது குறையும். மின்கலத்திலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படுவதால் அருகே தீயோ தீப்பொறியோ கூடாது. உள்ளே இருப்பது அமிலமாதலால் கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

அந்தத் தந்தை அவ்வாறே செய்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் உயிர்பெறும். அப்போதும் சுழலாவிடில் மின்கலத்தின் அழுத்தத்தை அளக்க வேண்டும். முழுதும் மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் மின்கலம் ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால் மின்னேற்றம் தேவை. பழுதின் காரணத்தை அறியாமல் பொருளை மாற்றினால் பணம் போகும், பழுது போகாது. நோயின் முதலை அறிந்து மருந்து தரும் மருத்துவரின் நெறியே வண்டிக்கும் உரிய நெறியாகும்.

6. உயிர்காக்கும் உறுப்புகள்

பிரேக் மிதியை அழுத்தும்போது, குழாய்களில் நிறைந்துள்ள நீர்மம் அவ்வழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. இதனை மக்கள் ‘பிரேக் ஆயில்’ என்பர். அடைபட்ட நீர்மத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்னும் பாஸ்கல் விதியே இதற்கு அடிப்படை. இந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 3’ வகை நீர்மத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அது 140 பாகை அளவுக்கு இறங்கிவிடக்கூடும். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது நீர்மம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி எளிதில் அமுங்கும். ஆகவே மிதி தரைவரை சென்றும் வண்டி நில்லாது. இதனாலேயே பிரேக் நீர்மத்தை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வர்.

வீட்டில் செய்யத்தக்கது, அதன் கலனை வெளியிலிருந்து பார்ப்பதாகும். அளவு மெல்லக் குறைந்தால் பிரேக் கட்டைகள் தேய்கின்றன. விரைவாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது. மிதி மென்மையாக அமுங்கினாலும், பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுத்தாலும், உரசும் ஒலி கேட்டாலும் வண்டியை எடுக்கலாகாது. பிரேக்கைக் கழற்றிப் பூட்டும் பணியைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.

டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடேறும் முன்பே அளக்க வேண்டும். இருபுற ஓரங்களும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்மை தவறியுள்ளது. பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் ஓடத் தகுதியற்றது. மழைச்சாலையில் அது நீரை விலக்காமல் வழுக்கிவிடும். டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்தநாளைக் கூறும். ‘2319’ என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் தேயாவிட்டாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

மாற்றுச் சக்கரத்தையும் மறவாமல் பார்க்க வேண்டும். அதற்கு வழங்கும் ‘ஸ்டெப்னி’ என்னும் பெயர், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயராகும். 1904ஆம் ஆண்டளவில் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். தெருவின் பெயர் கடல் கடந்து இந்திய மொழிகளில் நிலைத்துவிட்டது.

7. ஊருக்கேற்ற கவனம்

இந்தியாவின் தட்பவெப்பம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களில் உப்புக்காற்று அடித்தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவி உலரவிட வேண்டும். இராசத்தானத்தின் புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். மூச்சுத் திணறும் எஞ்சின் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும். லே போன்ற குளிர்மலை ஊர்களில் நீர் உறைந்து ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் எஞ்சினே விரிசல் காணக்கூடும். அங்கே கூலண்டின் விகிதம் சரியாக இருத்தல் இன்றியமையாதது.

2023ஆம் ஆண்டு முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் பரவி வருகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் இக்கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே எரிபொருள் குழாய்களில் வெடிப்போ கசிவோ உண்டா என அடிக்கடி பார்த்தல் வேண்டும். பெட்ரோல் மணம் வந்தால் வண்டியை இயக்காமல், காரணத்தைக் கண்டறிவதே அறிவுடைமை.

8. கைக்கு எல்லை உண்டு

எண்ணெய், கூலண்ட், காற்று ஆகியவற்றைப் பார்த்தல், வடிகட்டியைத் தூய்மை செய்தல், விளக்கின் பல்பு மாற்றுதல், துடைப்பானின் ரப்பர் மாற்றுதல் ஆகியவை வீட்டில் செய்யத்தக்கவை. உருகிய ஃபியூசை மாற்றும்போது அதே ஆம்பியர் அளவுள்ளதையே இட வேண்டும். மிகுந்த அளவுள்ளதை இட்டால் ஃபியூசுக்கு முன் கம்பி எரியும். பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் குழாய், எஞ்சினின் உட்பகுதி ஆகியவற்றின் பழுதுகள் பணிமனைக்கு உரியவை. சிறுவர்கள் எப்பணியையும் பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

இரண்டு விதிகளுக்கு விலக்கே இல்லை. ஜாக்கி மட்டும் தாங்கிநிற்கும் வண்டியின் அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. ஜாக்கி சரிந்தால் தப்பிக்க நேரம் இராது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது அறியாமலே உயிரைப் பறிக்கும்.

9. குறிப்பேடும் விடைபெறும் காலமும்

ஒரு குறிப்பேட்டில் நாள், ஓடிய தொலைவு, செய்த பணி, ஆன செலவு ஆகியவற்றை எழுதிவருதல் நன்று. ஊர் மாறும்போது பழக்கமான மெக்கானிக் உடன் வருவதில்லை, குறிப்பேடு வரும். புதிய ஊரின் மெக்கானிக் அதைப் பார்த்தே வண்டியின் உடல்நிலையை அறிவார்.

ஆவணங்களும் பேணலைச் சேர்ந்தவையே. தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்கு உட்படுத்தி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு தேவை. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருத்தல் வேண்டும். தில்லித் தலைநகர்ப் பகுதியில் பழைய வண்டிகளுக்குத் தனி விதிகள் உள்ளன; அவை காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால் அவ்வப்போது கேட்டறிய வேண்டும்.

எவ்வளவு பேணினாலும் ஒருநாள் வண்டியின் உடற்சட்டம் துருவால் வலுவிழக்கும். புகை தரவிதியைக் கடக்கும். அந்நிலையில் பற்றை விட்டு, பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் அதை ஒப்படைப்பதும் பொறுப்பின் ஒரு பகுதியே. அந்நாள்வரை, வாரம் ஒருமுறை முகப்பு மூடியைத் திறந்து பத்து நிமிடங்கள் உற்றுப் பார்க்கும் வழக்கம் போதும். அடுத்து வாங்கும் வண்டிக்கும் அவ்வழக்கம் துணை நிற்கும்.

சொல்லும் பொருளும்

பேணல் – பாதுகாத்து வருதல்
பகை – எதிரி, கேடு செய்வது
உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
நீர்மம் – ஓடும் தன்மையுள்ள பொருள்
இடர் – துன்பம், ஆபத்து
பீறிடுதல் – வேகமாக வெளிப்படுதல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பழைய வண்டியின் மூன்று பகைகள் யாவை?
2. மின்கலத்தின் எதிர்முனையை முதலில் கழற்றுவது ஏன்?
3. நீலப்புகை எதனை உணர்த்துகிறது?
4. ‘ஸ்டெப்னி’ என்னும் சொல் எவ்வாறு வந்தது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. பிரேக் நீர்மத்தை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதன் காரணத்தை விளக்குக.
2. “பழுதின் காரணத்தை அறியாமல் பொருளை மாற்றினால் பணம் போகும், பழுது போகாது.” பாடத்தில் வரும் நிகழ்ச்சியைக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.

இ. ‘கூடாது’, ‘ஆகாது’, ‘வேண்டும்’ என முடியும் தொடர்களைப் பாடத்திலிருந்து இரண்டிரண்டு எடுத்தெழுதுக.

ஈ. செயல்பாடு
வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியின் டயரில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் கண்டு குறித்து வருக. அவ்வண்டியைப் பற்றிப் பெரியவர்களிடம் தமிழில் கேட்டறிந்து பத்துத் தொடர்கள் எழுதுக.